பிள்ளைக்குப் படிப்பு உண்டு, படைவீரருக்கு?

புது தில்லி: டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்து இரண்டு நாள்கள்தான் ஆகியிருந்தன. 1971 டிசம்பர் 18-ஆம் தேதி மக்களவையில் மத்திய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. போரில் உயிர் நீத்த, காணாமற்போன, உடல் ஊனமுற்ற வீரர்களின் பிள்ளைகளுடைய கல்விச் செலவை அரசே ஏற்கும் என்பதுதான் அந்த அறிவிப்பு. 1972-இல் அது நடைமுறைக்கு வந்தது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், பாடநூல், சீருடை, பள்ளிக்குச் சென்று வரும் செலவு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆரவாரமின்றி நடந்து வந்த இத்திட்டத்தின் மீது 2017-இல் கத்தி விழுந்தது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையைக் காரணம் காட்டி அந்த ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ஓர் ஆணை பிறப்பித்தது. கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் சேர்ந்து மாதம் ரூ.10,000-க்கு மேல் வழங்கப்படாது என்றது அந்த ஆணை. ஜூலை 1-ஆம் தேதி முதலே அது செல்லும் என்றும் கூறப்பட்டது. தந்தையை இழந்த மாணவர்களில், கட்டணம் கூடுதலான கல்லூரியில் சேர்ந்திருந்தவர்கள் பாதிப் படிப்பில் தவித்தனர்.

எதிர்ப்பு பல திசைகளிலிருந்தும் எழுந்தது. முப்படைத் தளபதிகள் குழுவின் அன்றைய தலைவரான கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லாம்பா, பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். நாடாளுமன்றத்திலும் கேள்விகள் எழுந்தன. 2018 மார்ச் 21-ஆம் தேதி உச்சவரம்பு நீக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஆறு மாதப் போராட்டத்துக்குப் பின் 1971-இன் வாக்குறுதி மீட்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி ஒரு நல்ல முடிவைக் கண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த ஆறு மாத விவாதத்தில் யாரும் கேட்காத ஒரு கேள்வி உண்டு. உயிரோடும் நலத்தோடும் படையிலிருந்து திரும்பும் வீரரின் கல்விக்கு இந்த நாடு என்ன வைத்திருக்கிறது? பிள்ளைக்கு உள்ளது போன்ற ஒரு வாக்குறுதி அவருக்கு உண்டா?

இக்கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. அக்னிபத் திட்டத்தின் கீழ் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் சேர்ந்த முதல் அணியினரின் நான்காண்டுப் பணிக்காலம் 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும் நிறைவடைகிறது. திரும்பி வரும் அவர்களில் பெரும்பாலோர் கல்லூரியில் படிக்கும் வயதினர்.

யாருக்கு என்ன கிடைக்கிறது?

முப்படைகளிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் ஓய்வு பெறுகின்றனர் அல்லது விடுவிக்கப்படுகின்றனர். இவர்களில் பெரும்பாலோர் 35 முதல் 45 வயதுக்குட்பட்ட ஜவான்கள். அரசு ஊழியர் ஒருவர் அறுபது வயதில் காணும் ஓய்வை, ஜவான் நாற்பதுக்கு முன்பின்னாகவே காண்கிறார். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக அரசு வகுத்த ஏற்பாடு இது. பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலத்தில், பெற்றோர் முதுமை அடையும் காலத்தில், வீட்டுக் கடன் பாதி நிற்கும் காலத்தில் அவர் சீருடையைக் கழற்றுகிறார்.

இவர்களுக்கென 2004 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகத்தில் முன்னாள் படைவீரர் நலத்துறை என்ற தனித்துறை உருவாக்கப்பட்டது. அதன் கீழ் இயங்கும் அமைப்புகளில் இரண்டு இக்கட்டுரைக்கு முக்கியமானவை. ஒன்று, டி.ஜி.ஆர். என்று படையினர் அழைக்கும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம். மற்றொன்று, கேந்திரிய சைனிக் வாரியம். இரண்டும் தில்லி ராமகிருஷ்ணபுரத்தின் மேற்கு பிளாக் அலுவலகக் கட்டடங்களில் இயங்குகின்றன. பயிற்சியும் வேலைவாய்ப்பும் முதலாவதன் பொறுப்பு. நல உதவிகள் இரண்டாவதன் பொறுப்பு. மாநிலத் தலைநகர்களிலும் மாவட்டங்களிலும் உள்ள சைனிக் வாரியங்கள் வழியாக அது செயல்படுகிறது.

கல்வி உதவிகளின் பட்டியலைப் படிப்பவர்களுக்கு அது நீளமாகவே தோன்றும். 2006-07-இல் தொடங்கிய பிரதமர் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் முன்னாள் படைவீரர்களின் பிள்ளைகள், கைம்பெண்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கு 5,500 உதவித்தொகைகள் வழங்கப்படுகின்றன. இதில் பாதி பெண்களுக்கு உரியது. 2019-இல் தொகை உயர்த்தப்பட்டது. ஆண்களுக்கு மாதம் ரூ.2,500, பெண்களுக்கு ரூ.3,000 என்று நிர்ணயிக்கப்பட்டது. தொழிற்கல்வியில் முதல் பட்டம் படிப்பவருக்கே இது கிடைக்கும். தகுதித் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் வேண்டும்.

ஹவில்தார் நிலை வரை பணியாற்றியவர்களின் பிள்ளைகளில் இருவருக்கு, முதல் வகுப்பு முதல் பட்டப்படிப்பு வரை, பாதுகாப்பு அமைச்சரின் நல நிதியிலிருந்து மாதந்தோறும் கல்வி உதவி உண்டு. நெடுங்காலம் ரூ.1,000-ஆக இருந்த இத்தொகையை 2025 அக்டோபரில் அரசு ரூ.2,000-ஆக இரட்டிப்பாக்கியது. இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் படிக்கும் கைம்பெண்களுக்கும் இது பொருந்தும். இவை தவிர, சைனிக் பள்ளிகளில் படையினர், முன்னாள் படையினர் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடங்கள் உண்டு. மருத்துவக் கல்லூரிகளில் மத்தியத் தொகுப்பிலிருந்து சில இடங்களும் உண்டு.

இவை எல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆயினும் பட்டியலை மீண்டும் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும். பள்ளிக் கட்டணம் பிள்ளைக்கு. உதவித்தொகை பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும். மருத்துவ இடம் பிள்ளைக்கு. வீரர் தம் பெயரில் கல்லூரியில் சேர்ந்து படிப்பதற்கு இப்பட்டியலில் எந்த உதவியும் இல்லை. படைவீரர் ஓய்வூதியத்துடன் ஊருக்குத் திரும்பி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைப் படிக்க வைப்பார் என்ற பழைய கணக்கின் மீது எழுப்பப்பட்ட அமைப்பு இது. அந்தக் கணக்கு எழுதப்பட்ட காலத்தில் நிலமும் இருந்தது. ஓய்வூதியமும் உறுதியாக இருந்தது.

பட்டம் அல்லாத பட்டம்

அப்படியானால் வீரருக்கு என்று எதுவுமே இல்லையா? இரண்டு உண்டு. முதலாவது பயிற்சி. பணியின் இறுதிக் கட்டத்தில் இருப்போருக்கு டி.ஜி.ஆர். மறுவாழ்வுப் பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது. ஜவான்களுக்கும், ஜே.சி.ஓ. எனப்படும் இளநிலை ஆணை அதிகாரிகளுக்கும் கட்டணம் முழுவதையும் இயக்குநரகமே செலுத்துகிறது. அதிகாரிகள் 40 சதவீதம் செலுத்தினால் போதும். மீதி 60 சதவீதத்தை அரசு ஏற்கும். ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மை நிறுவனங்களில் 24 வாரப் படிப்பு முடித்து, பெருநிறுவனங்களில் பொறுப்பேற்ற அதிகாரிகள் பலர். அந்த வகையில் இது வெற்றி பெற்ற திட்டமே.

ஜவான்களின் நிலை வேறு. அவருக்கான படிப்புகள் பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை நீள்பவை. எல்லைக் காவலில் உள்ள ஒரு பட்டாலியனில் பணியின் கடைசி ஆண்டைக் கழிக்கும் வீரர், தம் பிரிவு விடுவித்தால்தான் வகுப்புக்குப் போக முடியும். அந்த ஓராண்டில் வகுப்பு கிடைத்தாக வேண்டும். அதே ஆண்டில் ஓய்வூதிய ஆவணங்கள், வீட்டு வேலை, பிள்ளைகளின் பள்ளி மாற்றம் ஆகியவற்றையும் முடித்தாக வேண்டும். பணிக்காலத்தில் வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் ஓய்வுக்குப் பிறகு சேரவும் வகுப்புகள் உள்ளன. ஆனால், ஊருக்குப் போய்க் குடும்பச் சுமையில் இறங்கிய ஒருவர் மீண்டும் மாணவராவதற்கு, வீட்டுச் செலவைத் தாங்கும் ஓர் ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது, பட்டச் சமநிலை. 1979-ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் மறுவேலைவாய்ப்பு விதிகளின்படி, பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் படையில் பணியாற்றியவர், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கொண்ட மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் தம் ஒதுக்கீட்டு இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொழில்நுட்பத் தகுதி தேவைப்படும் பணிகளுக்கு இது பொருந்தாது. விடைபெறும் ஜவானின் கையில் தரப்படும் சமநிலைச் சான்றிதழின் அடிப்படை இதுதான்.

கிராமங்களில் இந்தச் சான்றிதழைப் பட்டம் என்றே பலர் நம்புகின்றனர். அது பட்டம் அன்று. குறிப்பிட்ட சில பணிகளின் வாசலில் மட்டும் செல்லும் அனுமதிச் சீட்டு அது. அதைக் காட்டி முதுநிலைப் படிப்பில் சேர முடியாது. தனியார் நிறுவனத்தின் பணியாளர் பிரிவு அதை ஏற்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பதினைந்து ஆண்டுகள் சிக்னல் பிரிவில் தகவல் தொடர்புக் கருவிகளைக் கையாண்டவர், பொறியாளர் பிரிவில் பாலம் அமைத்தவர், பீரங்கிப் படையின் வாகனங்களைப் பழுது பார்த்தவர் ஆகிய அனைவரும் சான்றிதழில் ஒரே வகையினர்: 'பட்டதாரிக்குச் சமமானவர்'. அவர் என்ன கற்றார், எந்த அளவுக்குக் கற்றார் என்பதை வெளியுலகம் படித்தறிய அந்தத் தாளில் வழியில்லை.

இதன் விளைவை எந்த நகரத்திலும் காணலாம். வங்கி வாசலில், அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயிலில், தொழிற்சாலைக் கதவருகில் காவலராக நிற்பவர் பெரும்பாலும் ஒரு முன்னாள் ஹவில்தார் அல்லது நாயக். அவ்வேலையில் இழிவு ஏதுமில்லை. ஆனால், படையில் பெற்ற பல திறன்களில் துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஒன்றை மட்டுமே சந்தை விலைக்கு வாங்குகிறது என்பது நாட்டுக்கு இழப்பு.

நிரம்பாத ஒதுக்கீடு

நாடாளுமன்றக் கூட்டத்தொடர்களில் முன்னாள் படைவீரர்கள் குறித்த வினாக்களுக்குப் பஞ்சமில்லை. வரும் விடைகளிலும் ஒரு பகுதி மாறாது: மத்திய அரசுத் துறைகளில் குரூப் 'சி' பணிகளில் 10 சதவீதம், குரூப் 'டி' பணிகளில் 20 சதவீதம், பொதுத்துறை நிறுவனங்களில் முறையே 14.5 சதவீதம், 24.5 சதவீதம், மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில் உதவி கமாண்டன்ட் நிலை வரை 10 சதவீதம். இவை ஒதுக்கீட்டின் அளவுகள். உண்மையில் எத்தனை பேர் வேலையில் இருக்கின்றனர் என்பது வேறு கணக்கு.

டி.ஜி.ஆர். தொகுத்த விவரத்தின்படி, 2021 ஜூன் 30 அன்று, தகவல் அளித்த 34 மத்திய அரசுத் துறைகளில் குரூப் 'சி' ஊழியர்களில் முன்னாள் படைவீரர்கள் 1.29 சதவீதம் மட்டுமே. குரூப் 'டி'-யில் 2.66 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்களின் நிலை இன்னும் மோசம்: குரூப் 'சி'-யில் 1.15 சதவீதம், 24.5 சதவீத ஒதுக்கீடு உள்ள குரூப் 'டி'-யில் 0.3 சதவீதம். சீருடைப் பணியான மத்திய ஆயுதப் போலீஸ் படைகளில்கூட குரூப் 'சி'-யில் 0.47 சதவீதத்தினரே முன்னாள் படையினர். மொத்தம் 77 துறைகளில் 43 துறைகள் விவரமே தரவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒதுக்கீடு நேரடி நியமனத்துக்குத்தான். மொத்த ஊழியர் எண்ணிக்கையோடு அதை ஒப்பிடுவது முழு நியாயம் அன்று எனத் துறைகள் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ள 10 சதவீத விதி, ஒன்றே கால் சதவீதத்தில் நிற்பதை அந்த வாதம் மட்டும் விளக்கிவிடாது.

விண்ணப்பிப்போர் குறைவு, தேர்வில் குறைந்தபட்ச மதிப்பெண் பெறுவோர் அதனினும் குறைவு என்பதே துறைகள் கூறும் காரணம். இங்கேதான் கல்வியும் வேலைவாய்ப்பும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ இருபது ஆண்டுகளுக்கு முன் படித்த ஒருவர், பயிற்சி மையங்களில் ஆண்டுக்கணக்கில் தயாராகும் இளைஞர்கள் எழுதும் அதே கணினித் தேர்வை எழுதுகிறார். வயது வரம்பில் அவருக்குச் சலுகை உண்டு: படையில் கழித்த ஆண்டுகளுடன் மேலும் மூன்று ஆண்டுகளைக் கழித்துக்கொள்ளலாம். சமநிலைச் சான்றிதழ் அவரைத் தேர்வு அறைக்குள் அனுப்புகிறது. ஆனால், கணிதத்தையும் ஆங்கிலத்தையும் அவருக்கு மீண்டும் கற்பிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை. போட்டித் தேர்வில் அவர் தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகிறது. ஒதுக்கீடு சட்டத்தை மீறாமலே கரைந்துவிடுகிறது.

கார்கில் சொன்ன பாதி

படையினரின் பணிக்காலத்தைக் குறைக்க வேண்டும் என்ற யோசனை புதிதன்று. கார்கில் போருக்குப் பின் கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழுவின் அறிக்கை 2000-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 1976 முதல் கடைப்பிடிக்கப்படும் 17 ஆண்டுப் பணிக்காலத்தை ஏழு முதல் பத்து ஆண்டுகளாகக் குறைக்கலாம் என்று அக்குழு கூறியது. அதோடு நிற்கவில்லை. அவ்வாறு விடுவிக்கப்படுவோரைத் துணை ராணுவப் படைகளில் அமர்த்த வேண்டும் என்றும் சேர்த்தே கூறியது. 2008-இல் அறிக்கை அளித்த ஆறாவது ஊதியக் குழுவும் படையினரை மத்தியக் காவல் படைகளுக்கு மாற்றுவதை வலியுறுத்தியது.

அதாவது, யோசனைக்கு இரண்டு பாதிகள். இளமையான படை என்பது முதற்பாதி; வெளியேறுபவருக்கு அடுத்த படிக்கட்டு என்பது மறுபாதி. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் முதற்பாதியை அக்குழு கேட்டதற்கும் மேலாகவே நிறைவேற்றியது. பணிக்காலம் நான்கு ஆண்டுகள். நால்வரில் ஒருவர் வரை நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார். மற்றவர்கள் சேவா நிதியாக, வட்டியுடன் ஏறத்தாழ ரூ.11.71 லட்சம் பெற்றுக்கொண்டு வெளியேறுவர். அதில் பாதி அவர்களுடைய ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்யப்பட்டது. 2022-இல் வெளியிடப்பட்ட பணி நிபந்தனைகளின்படி ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை.

கடைசியாகச் சொன்னது இக்கட்டுரைக்கு முக்கியமானது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியே மேலே கூறிய உதவிகளில் பெரும்பாலானவற்றின் திறவுகோல். பதினைந்து ஆண்டுப் பணி இல்லாததால் சமநிலைச் சான்றிதழுக்கும் இடமில்லை. பழைய அமைப்பின் குறைகளைப் பேசும் உரிமைகூட அக்னிவீரருக்கு இல்லை; அந்த அமைப்புக்கே அவர் வெளியே நிற்கிறார்.

மறுபாதிக்கு அரசு எதுவும் செய்யவில்லை என்று கூறுவது நியாயமாகாது. மத்திய ஆயுதப் போலீஸ் படைகளிலும் அசாம் ரைபிள்ஸ் படையிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 சதவீத இடமும், முதல் அணிக்கு ஐந்து ஆண்டு, அடுத்தடுத்த அணிகளுக்கு மூன்று ஆண்டு வயதுச் சலுகையும் 2022-இல் அறிவிக்கப்பட்டன. எல்லைப் பாதுகாப்புப் படையின் காவலர் நியமனத்தில் இந்த ஒதுக்கீடு 2025 டிசம்பரில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பல மாநில அரசுகளும் தம் காவல் துறையில் இடம் தருவதாக அறிவித்துள்ளன.

கல்வியில் ஒரு புதுமையும் உண்டு. பத்தாம் வகுப்புடன் சேர்ந்தவர் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெறலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அக்னிவீரர்களுக்கென மூன்றாண்டு இளநிலைப் பட்டம் ஒன்றை வகுத்தது. பட்டத்துக்குத் தேவையான மதிப்பீட்டுப் புள்ளிகளில் பாதி, படையில் அவர் பெற்ற திறன் பயிற்சிக்காகவே வழங்கப்படும். மீதியை அவர் படித்துப் பெற வேண்டும். ஓராண்டு அளவில் நிறுத்தினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம்.

இதன் உட்பொருள் பெரியது. படை வீரர் படையில் கற்றது கல்வியே என்று ஏற்று, அதைப் பட்டத்தின் கணக்கில் சேர்க்கும் முயற்சி இது. 'சமமானவர்' என்ற பொத்தாம்பொதுவான தாளைவிட இது பல படி மேல். ஆனால், பனிமலையிலும் கப்பலிலும் பணி மாறி மாறி நிற்கும் இளைஞர், மீதிப் பாதியை எப்போது படிப்பார், எங்கே தேர்வு எழுதுவார், விடுவிக்கப்பட்ட பின் படிப்பைத் தொடர்ந்தால் செலவு யாருடையது என்ற கேள்விகளில்தான் திட்டத்தின் உயிர் இருக்கிறது.

அமெரிக்கா கற்ற பாடம்

போரிலிருந்து திரும்புபவரை மாணவராக்கிய முன்மாதிரி ஒன்று உலகில் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் முன்பே, 1944 ஜூன் 22-ஆம் தேதி, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. மசோதா, திரும்பிவரும் வீரரின் கல்விக் கட்டணத்தையும் படிக்கும் காலத்து வாழ்க்கைச் செலவையும் அரசின் பொறுப்பாக்கியது. எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதை வீரரே முடிவு செய்தார். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். 1956 வரை நடந்த அத்திட்டத்தில் 78 லட்சம் பேர் படிப்போ பயிற்சியோ பெற்றனர்.

அந்தக் கதையில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சட்டம் எல்லா வீரர்களுக்கும் ஒன்றாகவே எழுதப்பட்டிருந்தது. ஆனால், தென் மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்குக் கல்லூரிக் கதவுகள் மூடியே இருந்தன; உள்ளூர் அலுவலகங்கள் அவர்களைத் திருப்பி அனுப்பின. உரிமை சட்டத்தில் இருப்பதும் அது உரியவர் கையில் சேர்வதும் வேறு வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்தியா அமெரிக்கா அன்று. அந்த அளவு பணமும் இல்லை என்ற மறுமொழி தில்லியில் உடனே வரும். ஆனால், இங்குக் குறைவாக இருப்பது பணம் மட்டும் அன்று. உதவி யாரைத் தொடர வேண்டும் என்ற எண்ணத்திலேயே வேறுபாடு இருக்கிறது. அங்கே உதவி வீரருடன் நடந்து கல்லூரி வரை சென்றது. இங்கே அது பணியின் கடைசி ஆண்டில் பட்டாலியன் வாசலில் நின்றுவிடுகிறது.

அவை கேட்க வேண்டியவை

உத்தரப் பிரதேசத்தின் காஜிப்பூர் மாவட்டத்தில் கஹ்மர் என்ற ஊர் உண்டு. தமிழகத்தின் வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை உண்டு. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவரேனும் படையில் சேர்ந்த ஊர்கள் இவை. இத்தகைய ஊர்களில் ராணுவம் ஒரு வேலை மட்டும் அன்று. வறுமையிலிருந்து ஏறும் ஏணி. தந்தை பதினேழு ஆண்டு பணியாற்றி ஓய்வூதியத்துடன் வந்தார், மகன் படித்தார். இனி இருபத்தைந்து வயதைத் தொடுமுன் திரும்பிவரும் மகனுக்கு ஓய்வூதியம் இல்லை. கையில் ஒரு தொகை உண்டு. அது தங்கையின் திருமணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் செலவாகும் முன், அவரது அடுத்த படிப்புக்கான வழி திறந்திருக்க வேண்டும்.

நாடாளுமன்றம் மூன்றைக் கேட்கலாம். முதலாவது, ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் எத்தனை முன்னாள் படைவீரர், எத்தனை முன்னாள் அக்னிவீரர் நியமிக்கப்பட்டனர் என்ற கணக்கை அவையில் வைக்க வேண்டும். விவரம் தராத துறையின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும். இரண்டாவது, பயிற்சியின் மதிப்பீட்டுப் புள்ளிகளைப் பட்டத்தில் சேர்க்கும் முறை அக்னிவீரரோடு நிற்காமல் ஒவ்வொரு ஜவானுக்கும், அவர் கற்ற தொழில் இன்னதென்று தெரியும்படி, விரிவாக்கப்பட வேண்டும். மூன்றாவது, விடுவிக்கப்பட்ட பின் படிக்க விரும்பும் வீரருக்கு அவர் பெயரிலேயே ஒரு கல்வி உதவித்தொகை வேண்டும். 5,500 பிள்ளைகளுக்கு வழங்க முடிந்த அரசுக்கு, வீரருக்கும் அதே வடிவில் வழங்குவது புதிய சிந்தனையாக இருக்கத் தேவையில்லை.

இவற்றில் எதுவும் ஒரே நாளில் நடந்துவிடாது. ஆனால், 1971-இல் போர் முடிந்த இரண்டாம் நாளே ஒரு வாக்குறுதி கொடுக்க அவையால் முடிந்தது. 2017-இல் அந்த வாக்குறுதி குறைக்கப்பட்டபோது, 2018-இல் அதை மீட்கவும் முடிந்தது. உயிர் நீத்தவரின் குடும்பத்துக்காக எழும் குரல், உயிருடன் திரும்புபவருக்காகவும் எழ வேண்டும்.

முதல் அணி அக்னிவீரர்கள் தம் பெட்டிகளைக் கட்டும் நாளில், அவர்கள் கையில் ஒரு காசோலையும் ஒரு சான்றிதழும் இருக்கும். அந்தச் சான்றிதழைக் கல்லூரி முதல்வரும் வேலை தருபவரும் எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் இத்திட்டத்தின் உண்மையான தேர்வு நடக்கும். அந்தத் தேர்வை எழுதப் போவது இருபத்தைந்து வயது நிரம்பாத இளைஞர் என்றாலும், விடைத்தாளில் மதிப்பெண் பெறப் போவது அரசு.